மாமாவின் கதிரியக்கம்

எம்.பி.பி.எஸ். முடித்திருந்தேன். மேற்படிப்பில் தோல் மருத்துவம் கிடைக்கும் அளவுக்கு எனக்கு ரேங்க் இருந்தது. வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. "மார்த்தாண்டத்துல ரோட்டோரமா ஒரு கிளினிக் போட்டா போதும் மக்கா, முகப்பரு வந்தவன் எல்லாம் ஓடி வருவான்" என்றார் அப்பா. என் ஆயுசை முகப்பருவுக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.

கவுன்சலிங்கில் விருப்பத்தைப் பதியக் கடைசி நாளும் அத்தை மகளின் வளைகாப்பும் ஒரே நாளில் வந்தன. அத்தை, அப்பாவின் தங்கை. மார்பில் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, அப்போது தினமும் கதிர் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் மாமா, இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை சறுக்கின இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

எங்கள் கடற்கரையில் கதிர் வீசும் கறுப்பு மணல் கிடக்கிறது. அதை வைத்துத்தான் அவருடைய ஆராய்ச்சி. "அந்த மணல் எத்தன காலமா கெடக்கு? அதுக்க கதிர் போச்சா? மண்ணுல போவாதது மனுசி உடம்புல போவுமா?"

மணலில் இருப்பது தானாகவே கதிர் வீசும் தாது. அத்தைக்குக் கதிர் வருவது வெளியே நிற்கும் மெஷினிலிருந்து. மெஷினை நிறுத்தினால் அதோடு சரி, உடம்பில் மிச்சம் இருக்காது. சிகிச்சை கொடுத்த டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். "ஏட்டி, நான் பாடம் எடுத்த பிள்ளைய எத்தன பேரு டாக்டரா இருக்கு, கேட்டியா?" என்றார் மாமா. அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்கட்டில் தனி அறை.

வளைகாப்பன்று அத்தை பட்டுச்சேலை உடுத்தி, கையில் வளையலோடு மகள் முன்னால் வந்தாள்.

"அங்கனயே நில்லு. அவ வயித்துல பிள்ள இருக்கு" என்றார் மாமா. கூடம் நிறையப் பெண்கள். வகுப்பில் பையனை எழுப்பி நிறுத்துகிற அதே குரல்.

"ஒண்ணும் ஆவாது, வாங்க அத்த" என்று அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மகள் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள். இவளும் எம்.எஸ்சி.

"வேண்டாம்மா. அப்பா சொல்லுகதக் கேளு."

அத்தை வளையலைத் தாம்பாளத்தில் வைத்தாள். பன்னீர்ச் செம்பை எடுத்து மாமாவின் வழுக்கையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு. த்தூ, படிப்பாம் படிப்பு!

அடுக்களைக்குப் போய் ஃபோனைத் திறந்து, கதிர் சிகிச்சையை முதலில் போட்டுப் பதிந்தேன். தொண்டு, சேவை என்று ஒரு மண்ணும் அப்போது மனதில் இல்லை. இந்த அறிவாளிகள் மேல் வந்த வெறுப்புதான்.

பின்னாலேயே அப்பா வந்தார். "தோலுதான போட்ட?"

"இல்லப்பா. கதிர் சிகிச்ச."

"பைத்தியமாட்டி ஒனக்கு? தானா வந்த சீதேவியக் காலால எத்துதியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சத்தம் கேட்டு அத்தை பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அழுதிருந்தாள். அணைத்துக்கொள்ளப் போனேன். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராத மக்கா. நீ நாளைக்குப் பிள்ள பெறணும்லா?"