அறுபதாம் படிக்குப் பிறகு ஏழு மாதங்கள்

1983ஆம் ஆண்டு ஆடி இருபதாம் தேதி காலை, என் உடம்பு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஊரே கைகூப்பி நின்றது. எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். நான் செத்துக்கொண்டிருந்தேன்.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அம்மையப்பனை நம்பும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். தேதிகள் என் டைரியில் உள்ளவை. பேனா பிடிக்க முடியாத நாட்களை மனைவியிடம் கேட்டுப் பின்னால் சேர்த்தேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். 1972இல் குடிக்கத் தொடங்கினேன். 1974இல் அரசாங்கம் சாராயக் கடையை மூடியது, நான் நிறுத்தவில்லை. ஓடைக்கரையில் காய்ச்சியதைக் குடித்தேன். 1981இல் கடை மறுபடி திறந்தபோது எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. காலையில் ஒரு கிளாஸ் உள்ளே போகாவிட்டால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் பிரிக்காமலே திரும்பின. நான் இருக்கும் அறைக்குள் என் மகள் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஆடிப் பதினெட்டு அன்று மலையேறினேன். அறுபதாம் படியில் சொன்ன சொல்லைக் கோர்ட்டும் ஏற்கும் என்பார்கள் எங்கள் பக்கம். அந்தப் படியில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் கை நடுங்கியது. அதற்கடுத்த நாள் வேர்வை கொட்டி உடம்பே உதறியது. சுவரில் எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைக் கண்டேன். அங்கே ஒரு எறும்பும் இல்லையாம். அறுபதாம் படியில் சத்தியம் செய்தவன் மூன்றாம் நாள் ஆடினால் எங்கள் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். என் மனைவியின் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாமி, காட்டுல ரெண்டு போர் போட்டும் தண்ணியில்லாம பொகைதானுங்க வந்துச்சு. மூணாவது எங்க போடட்டுமுங்க?"

நான் எறும்புகளைக் காட்டி, "அதா, அங்கதான்" என்றேன். அந்தத் திசையில்தான் அவர் விவசாயக் காடு. உடனே ஆளனுப்பி அடையாளக் கல் நட்டார்.

அப்போது எனக்கு வலிப்பு வந்தது. வாயில் ரத்தம். யாரோ வேப்பிலை கேட்டார்கள். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"சாமி வந்தா நாக்கையா கடிச்சுக்கும்? அண்ணா, காரைக் கொண்டாங்க. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

சேலம் வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மையப்பா, சத்தியத்த வாங்கிக்கிட்டீங்க, ஆளத் திருப்பிக் குடுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கே அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து மறுபடி திறந்தார். ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் அவரைப் பிடித்திருக்க முடியாது. அதை நான் அவள் வேண்டுதலுக்கு முதல் பதில் என்று டைரியில் குறித்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் தெளிந்தேன். டாக்டர் சொன்னார்: "சத்தியம் பண்ணினது தப்பில்லை. அதுக்கு முன்னாடி இங்க வராததுதான் தப்பு. இத்தனை வருஷம் குடிச்சவர் ஒரே நாள்ல நிறுத்தினா உயிரே போகலாம்."

சாராயம் நரம்புகளை அமுக்கி வைத்திருந்ததாம். மூளை அதை எதிர்த்துத் தள்ளியே பழகிவிட்டது. அமுக்கியது திடீரென விலகியதும் தள்ளுவது மட்டும் மிஞ்சியது. நான் ஆடியது அதனால்தான். இனி வரப்போவதையும் சொன்னார். மூளையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. ஒன்றின் மேல் ஆசை வர, அதில் நிறைவு காண, அது வேண்டும். குடி அதைக் கிளறிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கிளறினால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. குடியை நிறுத்தியதும் அது தாழ்ந்து கிடக்கும், மெதுவாகத்தான் ஏறும். இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது என்றும் சொன்னார்.

அன்றே மச்சான் பார்க்க வந்தார். "மாப்ளே, நீங்க காட்டுன எடத்துலயும் பொகைதான். அடுத்த தடவ சாமி வந்தா கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதங்கள் அப்படியே போயின; சோறும் ருசிக்கவில்லை. கடலைக்காய் நன்றாக விளைந்தது. தீபாவளி வந்தது. மகள் பள்ளியில் வாங்கிய பரிசை என் அறைக்கே கொண்டுவந்து நீட்டினாள். "நல்லது" என்றேன். அவள் முகம் வாடியது. ஒரு கிளாஸ் குடித்திருந்தால் போதும், அவளைத் தூக்கிக் கொஞ்சியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். வலிப்பை விட அந்த எண்ணத்துக்குத்தான் பயந்தேன். ஒவ்வொரு மாதப்பிறப்புக்கும் மலையேறினேன். "குடிக்காமல் இருந்துகொள்கிறேன். வாழ ஆசை கொடு" என்று ஏழு முறை கேட்டேன்.

1984 மாசி மூன்றாம் தேதி, மதியம். கம்பஞ்சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்தேன். காரம் மூக்கு வரை ஏறியது. நன்றாக இருந்தது. தட்டை நீட்டினேன்.

மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஏனுங்க, நெசமாத்தான் கேக்கறீங்களா?"

"ஆமா. வெங்காயமும் ரெண்டு போடு."

இப்போது 1988. அந்த ஆடிக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. தலை நிமிர்ந்து சொல்கிறேன். டோபமின் தானாகத்தான் ஏறியது என்று படித்தவர்கள் சொல்லலாம்; நானும் படிக்கிறவன்தான். அது ஏறும்வரை கடை வாசலை மிதிக்காமல் என்னைப் பிடித்து வைத்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

நிறுத்த நினைப்பவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள், பிறகு படியேறுங்கள். எதுவும் ருசிக்காத மாதங்களில் தனியே இருக்காதீர்கள். எங்கள் ஊரில் நான்கு பேர் இப்படி நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று பேர் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். நாலாமவருக்கு இன்னும் ருசி வரவில்லை. மாதப்பிறப்பன்று அவரோடுதான் மலையேறுகிறேன். நீங்களும் வாருங்கள்.