ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

வயதைக் குறைத்துச் சொல்லும் பெண்களைத்தான் ஊர் கேலி பேசும். தேவகனிக்கோ உள்ள வயதைச் சொல்லவே வழியில்லாமல் போயிற்று.

மில்லர்புரத்தில் நான் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவள்தான் டீச்சர். இரண்டு மூன்று வருஷம் எங்கும் ஆள் எடுக்கவில்லை. எழுபத்தாறில் புதுத் துறைமுகம், உரக் கம்பெனி என்று வேலைகள் மழைக்கால ஈசல்போல் ஒன்றாகக் கிளம்பின. விண்ணப்பம் டைப் அடிக்க எங்கள் வாசலில் வரிசை நின்றது. அவளிடம் அடித்துக்கொண்டு போனவர்கள் வேலை ஆர்டர் வாங்கிவிட்டு, அவளுக்கே மிட்டாய் கொண்டுவந்து நீட்டினார்கள்.

துறைமுக ஆபீசில் டைப்பிஸ்ட்டும் கேட்டிருந்தார்கள். அவள் வேகத்துக்கு அடிக்க ஜில்லாவில் ஆள் கிடையாது. ஆனால் முப்பது வயது முடிந்திருக்கக் கூடாதாம். அவளுக்கு நிஜத்தில் இருபத்தொன்பதரை; சர்டிபிகேட்டில் முப்பத்தொன்று.

எல்லாம் அவள் அப்பா கிருபாநிதி வாத்தியார் செய்த வேலை. சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக இருந்தவர். மனைவி இறந்தபின் மூன்றரை வயது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஐந்து என்று எழுதி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். பனங்காட்டிலிருந்து எட்டு வயதில் வந்த பையன்களுக்கும் அதே ஐந்துதான். எல்லாருக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்று.

"நான் பொய் எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேம்ளா. கோயில்ல ஞானஸ்நானப் பதிவு இருக்கு, மாத்திரலாம்" என்றார் வாத்தியார். சொன்னபடி எழுதியும் கொடுத்தார்.

அந்த வாரமே ஜெபசீலன் வந்தான். தோணியில் மூட்டை சுமந்தவனுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்திருந்தது. அவனும் வாத்தியாரிடம் படித்தவன். நிஜ வயது முப்பத்திரண்டு, சர்டிபிகேட்டில் இருபத்தொன்பது.

"ஏளா, உன் ஒருத்தி தேதிய மாத்தணும்னாலும் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரக் கொண்டுபோயி துறைமுக ஆபீஸ்ல விரிப்பாங்க. ஒண்ணு பொய்யின்னு சாரே எழுதிக் குடுத்தா மத்ததையும் தோண்டுவாங்கள்லா? என்னோட சேத்து ஏழு பேரு இப்பிடிக் கொறஞ்ச வயசக் காட்டித்தான் வேலைக்குப் போயிருக்கோம். எனக்கு மூணு பிள்ளைய" என்றான். மிரட்டவில்லை, அழுதான். அதுதான் எனக்கு எரிச்சல். மிரட்டியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

தேவகனி அப்பா எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். தினமும் அதை எடுத்துப் பார்ப்பாள், மறுபடி மடிப்பாள். கொண்டுபோய்க் கொடு என்று நானாவது சொல்லியிருக்கலாம். அவள் போனால் என் இன்ஸ்டிடியூட் படுத்துவிடும் என்ற நினைப்பு வாயைக் கட்டிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியும் போயிற்று. அடுத்து ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் எட்டாம் தேதி காலையில் அவள் கோயிலில் பிறந்தநாள் காணிக்கை வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"இனி எந்தத் தேதிய எழுதினாலும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள். "இன்னையோட நெசத்துலயும் எனக்கு முப்பது முடிஞ்சிட்டு."