ரஞ்சனியின் உயரமும் நான் செய்த போனும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து நான் கேட்ட கேள்வி இது: "டாக்டர், வளர்த்தியை நிறுத்துறதுக்கு மாத்திரை ஏதும் இருக்கா?"

வளர வைக்க அல்ல... நிறுத்த!

என் மகள் ரஞ்சனிக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. ஐந்தடி ஒன்பது அங்குலம். அவள் அப்பா ஆறடி. விளாத்திகுளத்துக்காரர், வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அவளும் அவரைக் கொண்டு வளர்ந்திருக்கிறாள். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் பயந்தேன்.

பயத்தைக் கிளப்பிவிட்டவர் என் நாத்தனார். கழுகுமலையில் ஒரு கல்யாணம். குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "மதினி, பிள்ள இப்படி நெடுநெடுன்னு வளந்துக்கிட்டே போனா, மாப்பிள்ளைக்கு எங்கன போறது?"

பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளையா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரஞ்சனியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "ஏட்டி, கொஞ்சம் குனிஞ்சு நில்லு" என்றேன். குனிந்து நின்றாள்.

பெண் பிள்ளைகளை நிமிர்ந்து நடக்க விடுங்கள் என்று இதே பக்கத்தில் ஒரு முறை எழுதியவள் நான். நீங்கள் பலரும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். இப்போது நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அதோடு விட்டேனா?

எங்கள் கோவில்பட்டியில் தெருவுக்கு நாலு பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு திரிவார்கள். ரஞ்சனி போனதோ வாலிபாலுக்கு. ஸ்கூல் டீமில் நெட் ஓரம் நின்று அடிப்பவள் அவள்தான். மழை பெய்த மறுநாள் அவள் ஷூவில் ஒட்டி வரும் கரிசல் மண்ணை நான்தான் குச்சி வைத்துச் சுரண்டுவேன்.

குதித்துக் குதித்து ஆடினால் பிள்ளைகள் உயரமாவார்கள் என்று ஊரே சொல்லும். கம்பியில் தொங்கு, கயிறு தாண்டு, வாலிபால் ஆடு... எனக்கும் அது வேதவாக்கு. அப்படியானால், குதிப்பதை நிறுத்தினால் உயரமும் நின்றுவிடும் அல்லவா? என்ன ஒரு மூளை பாருங்கள்!

பி.டி. டீச்சருக்குப் போன் போட்டேன். "டீச்சர், பிள்ளைக்கு முட்டு வலி. வெளிய காட்டிக்க மாட்டா. டாக்டர் ஆடக் கூடாதுன்னுட்டாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அழுவா... நீங்களா எடுத்த மாதிரி டீம்ல இருந்து எடுத்திருங்க."

நல்ல டீச்சர். பாவம், நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் லிஸ்டில் ரஞ்சனி பெயர் இல்லை. வீட்டுக்கு வந்தவள் ஷூவைக் கழுவிக் காயவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் அடுப்படியில் நிம்மதியாகத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் ஆனது. என் கண்ணுக்கு அவள் இன்னும் வளர்வதாகவே பட்டது. சத்து மாத்திரை வாங்கலாம் வா என்று சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

காத்திருக்கும் இடத்தில் நூர்ஜஹான் அக்கா. மெயின் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். பக்கத்தில் அவர் மகன், பதினாறு வயது, குள்ளம். "வாலிபால் ஆடினா வளருவான்னு சொல்லுதாவன்னு சேத்துவிட்டேன். ஆறு மாசமா போறான், அரை இஞ்சு கூட ஏறல" என்று புலம்பினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உள்ளே போனதும்தான், ரஞ்சனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அந்த மாத்திரைக் கேள்வியைக் கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரஞ்சனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை வயசுல வயசுக்கு வந்தா?"

"பன்னெண்டுல டாக்டர்."

"மூணு வருஷம் ஆயிட்டு. பொம்பளப் பிள்ளைகளுக்கு அதுக்குப் பிறகு வளர்த்தி மெல்ல அடங்கிரும். இனிமே ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினா ரெண்டு. ஆம்பளப் பிள்ளைகன்னா இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும். இவளுக்கு மாத்திரையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"அப்ப விளையாட்டை நிறுத்தினது நல்லதாப் போச்சு, இல்லையா டாக்டர்?"

"விளையாட்டுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? உயரமான பிள்ளைக வாலிபாலுக்குப் போவுது. வாலிபால் ஆடி யாரும் உயரமாகல."

ரஞ்சனி மெதுவாகக் கேட்டாள். "நிறுத்தினதா? யாரும்மா நிறுத்தினது?"

ஸ்கூட்டரில் போகும்போது சொன்னேன். முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம், "நான் சரியா ஆடலன்னுதான் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேம்மா. மாடியில தண்ணித் தொட்டிச் சுவத்துல அடிச்சு அடிச்சுப் பழகுனேன். நீ கூட சத்தம் போடாதன்னு வைவியே..." என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். அவள் இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளி நின்றாள். பக்கத்தில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது?

மறுநாள் டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மாவட்ட மேட்ச் போன வாரந்தான் முடிஞ்சுதும்மா. இந்த வயசுப் பிரிவுல அவ இனி ஆட முடியாது. அடுத்த வருஷம் பெரிய பிள்ளைகளோட மோதித்தான் இடம் பிடிக்கணும்" என்றார். நான் தின்றுவிட்ட அந்த ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த டாக்டரிடமும் மாத்திரை கிடையாது.

பிள்ளை எவ்வளவு வளர வேண்டும் என்பதை அதன் எலும்பு பார்த்துக்கொள்கிறது. பெற்றவர்களாகிய நாம்தான் கையில் டேப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறோம்... பையன் என்றால் இழுக்க, பெண் என்றால் அமுக்க.

நேற்று சாயங்காலம் இதை எழுத உட்கார்ந்தேன். ரஞ்சனி வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"எம்மா, நம்ம விஷயத்தையா எழுதுத?"

"எழுதட்டுமா?"

"எழுது. என் பேரையும் போட்டுக்கோ. ஆனா, 'எனக்குத் தெரிந்த ஒரு அம்மா'ன்னு போட்டு நழுவிராத."

பேப்பரைக் கையால் மறைத்துக்கொண்டேன். முதல் வரியை அப்படித்தான் ஆரம்பித்திருந்தேன்!