சாமியின் வேட்டைத் துவக்கு

அந்தத் துவக்கை நான் முதலில் பார்த்தபோது அது நீதவானின் மேசையில், பழைய பத்திரிகைத் தாள் ஒன்றின் மேல் கிடந்தது. அதன் கழுத்தில் வழக்கு இலக்கம் எழுதிய அட்டையைச் சணல் நூலால் கட்டியிருந்தார்கள். கைத்துவக்குத்தான், ஆனால் ஒரு முழங்கை நீளம். குழல் ஒல்லாந்தர் காலத்து இரும்பு. பிடி பிற்காலத்தது, முதிரை மரத்தில் யாரோ பொறுமையாகச் செதுக்கியது. சிக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி பறக்கும் பழைய விசையைக் கழற்றிவிட்டு, கேப்பு என்கிற வெடிமூடியை வைத்து அடிக்கிற சின்னச் சுத்தியல் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். குழலின் முதுகில், சுத்தியலுக்குச் சற்று முன்னால், பித்தளையில் ஒரு தாமரைப்பூ. அது அழகுக்கு வைத்தது என்றுதான் அங்கே இருந்த எல்லாரும் நினைத்தோம். துவக்குக்கு எதற்கு அழகு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

யுத்த காலத்தில் நான் புளியந்தீவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பொலிசார் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும், எங்கள் சனம் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். சொன்னவனும் முறைப்பான், கேட்டவனும் முறைப்பான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒரே அக்கா குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் நான். பகல் முழுக்க இரண்டு மொழியில் பேசிவிட்டு அறைக்கு வந்தால், எந்த மொழியிலும் பேச ஆளில்லை. மாலையானால் ஊரடங்கு. வாவியில் மீன் துள்ளுகிற சத்தம் கேட்கும் அளவுக்குத் தெரு அடங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில்தான் வண்ணக்கர் என் வாழ்க்கைக்குள் வந்தார்.

வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயிலின் பொறுப்பாளர். அவருடைய ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும். அங்கே வண்ணக்கர் பொறுப்பு மகனுக்குப் போகாது. குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவதால், சகோதரியின் மகனுக்குத்தான் போகும். மாமன் கையால் மருமகன் வாங்க வேண்டும். அந்தப் பொறுப்போடு சேர்ந்து போகிற பொருள்தான் துவக்கு. வருடத்துக்கு ஒருதரம் வேட்டைத் திருவிழாவன்று, குழை கட்டிக் காடுபோலச் செய்த இடத்துக்குச் சாமி எழுந்தருள்வார். அப்போது வண்ணக்கர் அந்தத் துவக்கை வானத்துக்கு உயர்த்தி வெடிவைப்பார். வெடி தீர்ந்தால்தான் சாமியின் வேட்டை முடிந்தது என்று அர்த்தம். அந்த வருடம் மழை பெய்வதும் வட்டை வயல்கள் விளைவதும் அந்த வெடியில்தான் இருக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. அது ஒரு காலத்தில் யானையை வீழ்த்திய துவக்கு என்று சொல்லிச் சொல்லியே அங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள்.

பொலிசாரின் சுற்றிவளைப்பு ஒன்றில் வண்ணக்கருடைய வீட்டுக் கூரைக்குள்ளிருந்து துவக்கை எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் வீட்டில் ஒரு வெற்றுத் தோட்டா இருந்தாலே ஆள் போய்விடும். இது முழுத் துவக்கு. சுடக்கூடிய ஆயுதம் என்று தீர்ந்தால் அவரைத் தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கோ அறுபதைத் தாண்டிய வயது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை.

நீதவான் நல்ல மனிதர். பழைய சாமான்களில் ஆசை உள்ளவரும்கூட. இது திருவிழாச் சாமான், இதனால் ஒன்றும் ஆகாது என்று கிழவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடலாம் என்று காத்திருந்தார். கேள்வியையே அப்படி வளைத்துத்தான் கேட்டார். கூண்டில் நின்ற வண்ணக்கர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்வரிசையில் இருந்த தன் ஊர்ச் சனத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "அது சாமிட வேட்டைத் துவக்கு ஐயா. ஆளப் பாத்து வெடிச்சா ஆள் விழும்."

பொலிஸ் சார்ஜனுக்காக அதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சொன்னேன். சொல்லும்போது என் நாக்கே எனக்குப் பாரமாக இருந்தது. அடுத்த தவணையிலும் அதே கேள்வி, அதே பதில். விளக்கமறியல் சிறையில் இருந்து வந்ததில் அவருடைய கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பதிலில் மட்டும் மாற்றமில்லை. இந்த மனுசனுக்கு வெளியே போக விருப்பமே இல்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இடைவேளையில் கூண்டருகே போய், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் ஐயா என்று மன்றாடினேன். நான் ஏதோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு அவர் பசியில்லை என்று சொல்வதுபோல, மெல்லத் தலையை ஆட்டினார்.

கடைசியில் நீதவானுக்குப் பொறுமை போய்விட்டது. பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்திலிருந்து வேறொரு சார்ஜனை வரவழைத்து, துவக்கைச் சோதித்துச் சொல்லும்படி உத்தரவிட்டார். வெடிமருந்துச் சமாச்சாரம், சனம் நெருங்கக் கூடாது என்பதால் சோதனை நீதவானின் அறைக்குள்ளேயே நடந்தது. நீதவான், சார்ஜன், வண்ணக்கர், நான், இவ்வளவு பேர்தான். அன்று பாதை ஓடவில்லை. வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். அதனால் வண்ணக்கருக்காக வாதாடும் சட்டத்தரணி மறுகரையிலிருந்து வந்துசேரவில்லை. முதல்நாளே வந்து தங்கிவிட்ட ஊர்ச் சனம் வெளியே வாகை மரத்தடியில் குந்தியிருந்தார்கள்.

சார்ஜன் முதலில் துவக்கைப் புரட்டிப் பார்த்து, ஒல்லாந்துக் கப்பல்காரர் வைத்திருந்த வகை என்றார். பிறகு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்துக் குழல் வாய்க்குள் விட்டார். ஈர்க்கு இரண்டு விரற்கடை போய் நின்றுவிட்டது. அழுத்தினார், வளைந்தது. டோர்ச் லைட்டை அடித்துப் பார்த்தார். குழலுக்குள்ளே பித்தளையை உருக்கி ஊற்றி, கல்லுப்போல அடைத்திருந்தது. நான் வண்ணக்கரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். சார்ஜன் இப்போது அந்தத் தாமரைப்பூவை நெருடினார். அது ஓர் ஆணியில் சுழன்று விலகியது. அடியில் ஒரு துளை. மருந்தை அதன் வழியாகப் போட வேண்டும், வெடித்ததும் சத்தமும் புகையும் அதே வழியாக மேலே போகும். குண்டு போட இடமே இல்லை. யாரோ கைதேர்ந்த ஒருவன் கொல்லுகிற சாமானை எடுத்து, வெளியே ஒரு தடயமும் இல்லாமல், சத்தம் மட்டும் போடுகிற சாமானாக மாற்றியிருக்கிறான். இதனால் ஒரு காக்கையைக்கூடச் சுட முடியாது என்று சார்ஜன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீதவானுக்குச் சிங்களம் விளங்கும். வண்ணக்கருக்குத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு என்ன சொல்வது? அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். இதை முன்னமே சொல்லியிருக்கலாமே என்று நீதவான் சினந்தார். விடுதலை என்று எழுதி, துவக்கையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார் நீதவான். கதவை நெருங்கும்போது வண்ணக்கர் என் கையைப் பிடித்தார். "தம்பி, வெளிய நிக்கிற சனத்துக்கிட்ட இத மட்டும் சொல்லிப்போடாத," என்றார். சிறைக்குப் பயப்படாத மனுசன் இதற்குப் பயந்தார். சனம் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, அது கோயில் சாமான் என்று நீதவான் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மறுநாள் அவரைத் துறை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பாதை மறுகரையில் நின்றது. காத்திருந்த நேரத்தில், சனம் தள்ளி இருந்தபோது, அவராகவே சொன்னார். எந்தத் தலைமுறை என்று அவருக்கும் தெரியாது. ஒரு வேட்டைத் திருவிழாவில் அன்றைய வண்ணக்கர் வெடிவைக்க, கை தவறி, குழைக்கட்டு சுமந்து வந்த அவருடைய சொந்த மருமகனே குண்டு பட்டு விழுந்துவிட்டான். ஊர் அதைச் சாமி எடுத்த பலி என்று ஆறிப்போனது. மாமனால் ஆறமுடியவில்லை. யாருக்கும் தெரியாமல் புளியந்தீவுக்கு வந்து, துவக்கு வேலை செய்கிற ஒரு பறங்கியரைப் பிடித்துக் குழலை அடைத்துவிட்டார். கொல்லாத துவக்கால் சாமி வேட்டையாடுவாரா என்று ஊர் கேட்கும். ஒரு போகம் பொய்த்தாலும் பழி அதில்தான் விழும். அதனால் வெளியே விடவில்லை. மாமன் மருமகனுக்குச் சொல்வான், அதோடு சரி.

"துவக்கக் கையில குடுக்கிற அண்டைக்குத்தான், காதுக்குள்ள சொல்லுற. இதால ஆரும் சாக மாட்டாங்க மருமகன், பயப்படாத எண்டு. என்ட மருமகனுக்குச் சொல்லக் கிடைக்கல்ல," என்றார்.

அவருடைய தங்கையின் ஒரே மகன் அவன். வெடிச் சத்தத்துக்குச் சின்ன வயதிலிருந்தே காதைப் பொத்துகிறவன். வளர்ந்த பிறகும், தன் கைக்குத் துவக்கு வந்தால் யாரையாவது கொன்றுவிடுவேனோ என்று தவித்திருக்கிறான். பயந்தாங்கொள்ளி என்று ஊர் அவனைப் பகிடி பண்ணும். அடுத்த திருவிழாவில் பொறுப்பைக் கொடுக்க இருந்த வேளையில், வயலில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். "ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தா என்ன? முறை எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டன். அந்தப் பொடியன் பயத்தோடயே போயிட்டான்," என்றார் வண்ணக்கர். பாதை வந்து தட்டியது. அவர் ஏறிப் போனார். நான் கையைக்கூட அசைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் புளியந்தீவுக்கு வரும்போதெல்லாம் என் அறைக்கு வருவார். ஒரு பனங்கட்டியோ, கொஞ்சம் தயிரோ கொண்டுவருவார். கதிரையில் அமர்ந்து வெற்றிலை போடுவார். அதிகம் பேச்சிருக்காது. உலகத்தில் இரண்டே பேர் காத்துவந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு தனியன்கள் சும்மா இருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அந்த நாட்களில் கிடைத்த உறவு அதுதான், அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருநாள், உனக்குச் சகோதரி பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அக்காவுக்கு எல்லாம் பெண் பிள்ளைகள், அதுவும் கனடாவில் என்றேன். "சரி, மறுகா பாப்பம்," என்று எழுந்து போனார். பிறகு பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. எறிகணைகள் விழ, செல்லடி தொடங்கி அவருடைய ஊர் ஒரே காலையில் வெறுமையானது. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். செய்தி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துவக்கு என்னவானது என்று யாருக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்து, அந்த ஊரில் திருவிழாவை மறுபடி தொடங்கியதும் ஒருமுறை போனேன். இப்போது பாலம் இருக்கிறது. பஸ் நேரே போகிறது. சாமி எழுந்தருளியபோது ஓர் இளைஞன் சீன வெடிக் கட்டு ஒன்றைக் கொளுத்திப் போட்டான். முந்தி ஒரு துவக்கு இருந்தது, யானையே விழும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை. அப்போதுதான் வண்ணக்கரின் தங்கை என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மகன் காணாமல்போன நாளிலிருந்து படி ஏறாத அலுவலகம் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தேத்தண்ணி தந்துவிட்டு, எனக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு கேட்டார்.

"நீங்க கோட்டில இருந்த ஆள் தம்பி. அண்ணன்ட துவக்கக் கையில எடுத்துப் பாத்திருப்பீங்க. அது மெய்யாவே ஆளக் கொல்லுமா?"

உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இந்த அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றும் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் என்ன பதிலுக்காக இத்தனை வருடம் காத்திருந்தது என்று எனக்குப் புரிந்தது.

"ஓம் அம்மா. கொல்லும்," என்றேன்.

அவர் என் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என்ட புள்ள பயந்தது சரிதான்," என்றார்.

அந்த அம்மாவும் இப்போது இல்லை. அவர்களுடைய குடிக்கு நான் வெளியாள், எனக்கும் காதுக்குள் சொல்ல ஒரு மருமகன் கிடையாது. அதனால்தான் ஊரின் பெயரை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.