கழுத்து அசையாத காலை

கர்த்தர் என் கணவர் சாமுவேலுக்குக் கொடுத்த கைப்பக்குவம் அவரை விட்டு ஒருநாளும் போகாது என்று எங்கள் வீட்டார் அனைவரும் நம்பினோம். வத்தலக்குண்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பரோட்டா மாஸ்டராகி, பிறகு கொடைக்கானலில் ஓர் உணவகத்தின் தலைமைச் சமையலராக உயர்ந்தவர் அவர். நான் அதே உணவகத்தில் பில் போடச் சேர்ந்து, சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளரானேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டுகள் வரும் ஒரு ஜன்னல். அவர் பக்கத்து வேலையில் நான் வாய் திறப்பதில்லை. என் பக்கத்தில் அவர் தலையிடுவதில்லை. ஓரிடத்தில் வேலை பார்த்தும் நாங்கள் சண்டையின்றி வாழ்ந்தது அந்த ஒழுங்கால்தான்.

மழைக்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தேறி வேலைக்குத் திரும்பிய சில நாட்களில், ஒரு மதியம், பூண்டு கருகும் வாடை கூடம் முழுவதும் பரவியது. மலைப்பூண்டு கருகினால் தாங்க முடியாது. சாப்பிட வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புகையும் வாணலிக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் அமைதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

உதவிச் சமையலர் பாண்டி ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "என்ன மாஸ்டர், கருகிக் கெடக்கு, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க? வீட்டுல அக்காகூடச் சண்டையா?"

"ஏலே, ஒஞ் சோலியப் பாரு," என்று அவர் எரிந்து விழுந்தார்.

வீட்டில் என்னிடம் சொன்னார். "ஜெயா, எனக்கு ஒரு மணமும் தெரியல. ருசியும் பாதிதான். யார்ட்டயும் சொல்லிறாத."

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

அதன்பின் வந்த மாதங்கள் கொடியவை. அவர் நினைவை நம்பிச் சமைத்தார். தட்டுகள் பாதியோடு திரும்பி வந்தன. ஒவ்வொரு மேசையிலும் மன்னிப்புக் கேட்டது நான். "சாமுவேலுக்கு என்னாச்சு? கை முன்ன மாதிரி இல்லையே," என்று முதலாளியம்மா கேட்டபோது பில் புத்தகத்தைப் புரட்டினேன். என் கணவர் ஜெபிப்பதையும் நிறுத்திவிட்டார்.

"எல்லாருக்கும் குடுக்கிறவரு எங்கிட்ட எடுத்துக்கிட்டாரு. அவர்ட்ட இன்னும் என்னத்தக் கேக்க?" என்றார்.

வேதத்தைப் பலமுறை வாசித்தவள் நான். அந்தக் கேள்விக்கு ஒரு வசனம் தேடி அன்றிரவு மறுபடி அதைத் திறந்தேன்.

மே மாத சீசனில், சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்களிடம் மதியச் சாப்பாடு. அன்று வெள்ளனே எழுந்து ஜெபித்தேன். 'ஆண்டவரே, மணத்தைத் திருப்பித் தாரும். அது உமக்குச் சித்தமில்லையென்றால், இவர் கையால் எந்தப் பிள்ளைக்கும் கேடு வராமல் காத்தருளும்.'

மலைப்பாதையில் மரம் விழுந்து, கோழிக்கறி ஏற்றிவந்த ஜீப் வெகுநேரம் நின்றுவிட்டது. எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. வந்த கறியை மாஸ்டர் முகர்ந்து பார்த்துத் தலையசைப்பார். அதற்கு முன் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

"ஐஸ் போட்டுத்தான் கொண்டாந்தேன் மாஸ்டர். வெரசா பாருங்க, அடுத்த கடைக்குப் போகணும்," என்றார் டிரைவர்.

என் கணவர் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நான் ஜன்னலருகே நின்றேன். ஒரு தலையசைப்பு போதும். பாண்டி கத்தியோடு காத்திருந்தார்.

என் கணவர் கறித்துண்டைக் கீழே வைத்தார். ஈரக்கையோடு கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தார். எல்லாரும் பார்க்க, "ஜெயா, உள்ள வா. காய்ச்சலுக்குப் பெறகு எனக்கு மணம் தெரியாது. நீ மோந்து பாரு," என்றார்.

கறியை விரித்து, எலும்பு மூட்டருகே முகர்ந்தேன். புளித்த வாடை.

"வேண்டாங்க," என்றேன். பாண்டியும் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயய்யோ, சின்னப் பிள்ளைகளாச்சே!" என்று பின்வாங்கினார்.

பிள்ளைகள் பக்கத்துப் பூண்டி கிராமத்துக் கேரட்டும் பீன்ஸும் போட்ட பிரியாணி சாப்பிட்டுச் சிரித்தபடி பஸ் ஏறினார்கள். அவர்கள் போனபின் அவர் என்னிடம் சொன்னார். "தலைய ஆட்டத்தான் பாத்தேன் ஜெயா. கழுத்து ஒத்துக்கல."

என் ஜெபத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். அவர் முகத்தைத் தோள்துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"மணம் தெரியாதவர நான் எப்படி அடுப்புல நிறுத்த?" என்றார் முதலாளியம்மா. நியாயமான கேள்வி. செய்தி பரவியதால் வேறு உணவகங்களும் அவரை ஏற்கவில்லை. பல வாரங்கள் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் இடத்துக்குச் சமவெளியிலிருந்து வந்த மாஸ்டர்கள் மலைக்குளிர் தாங்காமல் திரும்பிப் போனார்கள். ஒருநாள் முதலாளியம்மாவிடம் கேட்டேன்: "அவரு ஜன்னல் வழியாச் சொல்லச் சொல்ல நான் சமைக்கிறேன். முன்னாடி கூடத்துல என் எடத்துல அவரு நிக்கட்டும்."

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எளிதாக இருக்கவில்லை. என் கைகள் வெந்தன. "மேனேஜரம்மா, சிரிச்சுப் பேசினா வெங்காயம் வதங்காது," என்று பாண்டி கிண்டல் செய்தார். முதல் நாட்களில், உப்பு அதிகம் என்று ஒருவர் தட்டைத் தள்ளினால் என் கணவரின் முகம் இருண்டுவிடும். ஆயினும் மறுநாளும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். மீண்டும் ஜெபிக்கவும் தொடங்கினார்.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, நான் கேட்டவற்றில் ஒன்றைக் கர்த்தர் இன்னும் தரவில்லை. மற்றொன்றை அன்றைக்கே தந்தார். உங்கள் பாரத்தையும் அவரிடம் வையுங்கள். பதில் எந்த வாசல் வழியாக வருமென்று பொறுத்திருந்து பாருங்கள்.

பாண்டி இப்போது மதுரையில் மாஸ்டராக இருக்கிறார். பழைய ஆட்களில் நாங்கள் இருவரே மிஞ்சியிருக்கிறோம். கூடத்தில் அவர் இருக்கிறார். சமையலறையில் நான் இருக்கிறேன்.