கயிற்றைப் பார்க்கச் சொன்ன காசிம் பாய்

காசிம் பாய் போய்விட்டார். காலையில் பீடி வாங்கப் போனபோது ராயபுரத்துக் கடைக்காரர்தான் சொன்னார். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நேற்று மதியம் சீட்டில் வரிசையாகத் தோற்றேனே, அது அவர் தலையில் விடிந்துவிட்டதோ என்றுதான். அவரோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உங்களுக்கு இந்தப் பயம் புரியும்.

யுத்தம் முடிந்த சமயம் ஒரு வெள்ளைக்காரக் கப்பலாள் நமக்குப் போக்கர் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். சாப்பாட்டு நேரத்தில் காசுக்குப் பதில் தீக்குச்சி வைத்து ஆடுவோம். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றவனுக்கு அன்று நேரம் சரியில்லை என்று அர்த்தம். அவனைக் கப்பலின் அடிக்கிடங்குக்குள் இறக்க மாட்டோம், அவனுக்குப் பதில் வேறொருவன் இறங்குவான். பாய் ஒருவர்தான் இதைக் கேட்டுச் சிரிப்பார்.

"சீட்டுக்கு உன் பேரு தெரியுமா மாமு?" என்பார்.

ஒரு நாள் நான் மூன்று ஆட்டமும் தோற்றேன். எனக்குப் பதிலாக அவர் இறங்கினார். கோதுமை மூட்டைகளைத் தூக்கும்போது கயிறு அறுந்தது. மேலே நின்றபடி அவர் அலறலைக் கேட்டேன். இடது பாதம் கூழாகிவிட்டது.

அதன்பின் நான் வேலைக்கே போகவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்படியும் துறைமுகத்துப் பக்கம் கால் நகரவில்லை, என் ராசி இன்னொருவனைக் கொன்றே விடும் என்று நடுங்கினேன். ஊன்றுகோலோடு பாயே வீடு தேடி வந்தார். இழுத்துக்கொண்டு போய், நாம் சீட்டாடும் கொட்டகையின் பின்சுவரைக் காட்டினார். சுவர் நிறையக் கரிக்கோடுகள்.

"எவனாவது மூணு தபா தோத்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட்டுகினு வந்தேன். இத்தினி நாள்ல இன்னா ஆச்சு? ஒண்ணுமே ஆவல. மேஸ்திரிக்கு வெரல் நசுங்குச்சே, அன்னிக்கு அவன்தான் ஜெயிச்சான். அதெல்லாம் மறந்துட்டே. என் காலு போன ஒரு நாளை மட்டும் புடிச்சிகினு கீறே."

"உங்களுக்குப் பயமே இல்லையா பாய்?"

"ஏன் இல்ல? எறங்கும்போதெல்லாம் பயம்தான். அதனாலதான் தெனமும் கயித்தப் பாத்துட்டு எறங்குவேன். அன்னிக்கு உன்னைக் கிண்டல் பண்ணிகினே எறங்கிட்டேன். எல்லாரும் சீட்டையே பாத்துகினு இருந்தோம், கயித்த எவனும் பாக்கல."

மறுநாள் வேலைக்குப் போனேன்.

இன்று அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, என்னோடு ஆடும் தேசப்பனிடம் மெதுவாகக் கேட்டேன், நேற்று நான் எத்தனை ஆட்டம் தோற்றேன் என்று.

"தோத்தியா? மொத ரெண்டு ஆட்டம்தான். அப்பால குச்சி அத்தினியும் நீதானே அள்ளிகினு போனே!"

சட்டைப் பையில் கைவிட்டேன். நேற்று ஜெயித்த தீக்குச்சிகள் இருந்தன.

பயம் போகவில்லை, போகவும் போகாது. நாளைக்கும் பயந்தபடிதான் இறங்குவேன். இறங்குமுன் கயிற்றை ஒரு முழம் விடாமல் தடவிப் பார்ப்பேன். பாய் எனக்கு விட்டுப்போனது அதுதான்.