சுவரைத் தாண்டினால் அவுட்

எங்கள் பள்ளி மைதானத்தை மைதானம் என்று சொன்னால் மைதானங்களுக்கே கோபம் வரும். கோபாலபுரத்தில் இரண்டு பழைய பங்களாக்களுக்கு நடுவே, பள்ளிக் கட்டடம் கட்டியது போக மிஞ்சிய இடம் அது. அங்கேதான் நாங்கள் பேஸ்பால் ஆடினோம். கிரிக்கெட் என்றால் வீட்டில் புரிந்திருக்கும். "அது என்னடி ஆட்டம், கட்டையால அடிச்சுட்டு சுத்திச் சுத்தி ஓடுறது?" என்பார் அம்மா. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். பந்தை அடித்துவிட்டு, மூன்று மூலைகளில் இருக்கும் பேஸ்களைத் தொட்டு ஓடி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். பந்து எல்லையைத் தாண்டிப் போய் விழுந்தால் ஹோம் ரன். யாரும் தடுக்க முடியாது, ஓடி வந்தால் போதும்.

ஊர் உலகத்தில் எல்லாம் அப்படித்தான். எங்கள் பள்ளியில் மட்டும் சுவரைத் தாண்டினால் அவுட்.

காரணம் பக்கத்துப் பங்களாக்காரர். அவர் தோட்டத்தில் விழுந்த பந்துகளை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவார், திரும்பி வராது. பள்ளியில் புதுப் பந்து கேட்டு அலைந்து ஓய்ந்துபோன எங்கள் பி.டி. மிஸ் அந்தச் சட்டத்தைப் போட்டார். நாங்களும் பந்தைத் தூக்காமல், ஆள் இல்லாத சந்து பார்த்துத் தரையோடு அடிக்கப் பழகினோம். தப்பித்தவறிப் பந்து சுவருக்கு மேலே போனால், அடித்தவளே பேட்டைப் போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அணியிலேயே நன்றாக அடிக்கிறவள் என் தோழி. அவள் வீடு அடையாற்றின் கரையில், என் வீடு மயிலாப்பூரில் சர்ச்சுக்குப் பின்னால். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரை என் சாப்பாட்டு டப்பாவை அவள்தான் காலி செய்தாள், அவள் டப்பாவை நான். அந்த வருடம் ஆற்றங்கரை வீடுகளை இடிக்கப் போவதாகச் சொல்லி, அதிகாரிகள் வந்து சுவர்களில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கொடுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். பள்ளியையும் அந்தப் பக்கமே மாற்றிவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாவட்டப் போட்டி வந்தது. ஜெயித்தால் பரீட்சை லீவில் கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி. ஒரு வாரம், ஒரே விடுதி, ஒரே அறை. கோப்பை யாருக்கு வேண்டும்? எனக்கு அந்த ஒரு வாரம் வேண்டும். ராத்திரி ஜெபத்தில் அதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

போட்டி நடந்தது நந்தனம் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். உள்ளே நுழைந்ததும் என் தோழி நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, ஏரோப்பிளேன் எறக்கற எடமா?"

எல்லைக்குச் சுவர் கிடையாது. தூரத்தில் ஒரு கயிறு, அவ்வளவுதான். எங்கள் கைகள் சின்ன இடத்துக்குப் பழகியவை, எறிந்த பந்து பாதி வழியிலேயே விழுந்து தொலைத்தது. ஆனால் அடிக்கும்போது அந்தப் பெரிய இடமே எங்களுக்குத் தோதாக அமைந்தது. மற்ற பள்ளிப் பெண்கள் உயரப் பந்துக்காக எட்டி நின்றார்கள். நாங்கள் தரையோடு தட்டிய பந்து அவர்களுக்கு நடுவே புகுந்து உருண்டுகொண்டே போனது. அவர்கள் துரத்தி எடுப்பதற்குள் நாங்கள் ஓடி முடித்தோம். அப்படியே இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்தில் எதிரணியைவிட நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். எங்களுக்கு இன்னும் ஒரு அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. நான் ஏற்கெனவே அடித்து ஓடி, மூன்றாவது பேஸில் காத்து நின்றேன். அடிக்க வந்தது என் தோழி.

அடித்தாள். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், கயிற்றைத் தாண்டி, புல்லில் விழுந்தது. அவள் ஓடி நானும் ஓடினால் இரண்டு ரன், கோயம்புத்தூர்.

அவள் பேட்டைக் கீழே போட்டாள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சைப் பார்த்து நடந்தாள். நானும் 'போச்சு' என்று மூன்றாவது பேஸிலிருந்து கிளம்பி அவள் பின்னால் போனேன். பெஞ்சில் ஒருத்தி பாக்கியில்லாமல் 'ச்சே' என்றார்கள். இதில் கூத்து என்னவென்றால் பி.டி. மிஸ்ஸே தலையில் கை வைத்து, "பாவி, எத்தன தடவ சொல்லிருக்கேன், தூக்காதேன்னு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. "ஐயோ, ஓடுங்கடி" என்று எழுந்தார். அதற்குள் என் தோழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓடாமல் பெஞ்சுக்குப் போனவள் அவுட் என்பது சட்டம். அம்பயர் பாவம், கொஞ்சம் தயங்கித்தான் கையைத் தூக்கினார்.

ஹோம் ரன் என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை, வேறென்ன சொல்ல? திரும்பும் பஸ்ஸில் நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை.

"அட்ச்சதும் ஐயோ தப்பு பண்ட்டேன்னு தான்டி நென்ச்சேன்" என்றாள்.

பரீட்சை முடிந்தது, அவர்கள் போய்விட்டார்கள். போனில் பேசினோம். "இங்க எவ்ளோ தூரம் அட்ச்சாலும் கேக்க ஆளில்ல. பந்து போடத்தான் ஆளில்ல" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிப் பந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திருவான்மியூரில் பஸ் மாறிப் போனேன். அடுக்கடுக்கான குடியிருப்புகளுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். நான் பந்து போட்டேன், அவள் தூக்கித் தூக்கி அடித்தாள். ஒவ்வொரு பந்துக்கும் நான் மூச்சு வாங்க ஓடிப்போய் எடுத்து வந்தேன். ரெண்டு பேரை வைத்துக்கொண்டு அது ஒரு ஆட்டமா? ஆனாலும் வெயில் சாயும்வரை ஆடினோம்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றேன்.

"வராதடி" என்றாள். "போன்ல பேசுனா பரவால்ல. நீ வந்துட்டுப் போனாக்கா அப்பால இங்க இருக்கவே முடியாது எனக்கு."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அவள் இல்லாத பள்ளியில் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பள்ளிப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கினேன்.